ரவுண்ட் ராக்கில் நாற்பது நாள், ஒரு சத்துமாவு டப்பா

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைப் பார்க்க அமெரிக்கா கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். 1998 பிப்ரவரியில் நான் போனேன். என் அக்கா மகள் சுமதிக்கு அப்போது ஏழாம் மாதம். மாப்பிள்ளை ரவிக்கு டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் வேலை. அக்காவுக்கு விசா கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. எட்டாவதுதான் படித்தவன் என்றாலும், நான் பேசிய நாலு வார்த்தை இங்கிலீஷில் விசா அதிகாரி எழுந்து நிற்காத குறை.

சென்னை, பிராங்க்பர்ட், டாலஸ், ஆஸ்டின். வீடு போய்ச் சேர மொத்தம் முப்பத்தொரு மணி நேரம். கையில் மூன்று கிலோ சத்துமாவு டப்பா. ஊத்துக்குளியில் என் மேற்பார்வையில் இருபத்தொரு தானியம் வறுத்து அரைத்தது (வீட்டுக்காரி பதினொன்று என்பாள், விடுங்கள்). டாலஸில் சுங்க அதிகாரி மோந்தார், அவர் நாயும் மோந்தது. “பேபி பவர்!” என்றேன். வழிவிட்டார்கள்.

ஆஸ்டினிலிருந்து வீடு பதினேழு மைல். வந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு சுமதி ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க கண்ணு கெளம்பிட்ட?”

“வாக்கிங் மாமா. சுகர் கொஞ்சம் ஏறியிருக்காம். சாப்ட்டு அரை மணி நேரம் நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“மாத்திரை?”

“மாத்திரை இல்ல. நடை, அளவு சாப்பாடு, அப்புறம் என்ன சாப்ட்டேன்னு இந்த நோட்ல எழுதணும். விரல்ல குத்தி மெஷின்ல பாக்கணும். அதுலயும் எறங்கலேன்னா இன்சுலின் ஊசி.” ஊசி என்றபோது அவள் குரல் இறங்கிவிட்டது. சின்ன வயதிலேயே ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் பெண்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. மருந்து எழுதாதவர் என்ன டாக்டர்? ஃபிரிட்ஜில் அவர் கொடுத்த படம் ஒட்டியிருந்தது. தட்டில் பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு. காய்கறிக் கடையில் கமிஷன் வாங்குகிறாரோ? நடக்கப் போகிறேன் என்கிறாளே, உண்மையில் நடக்கிறாளா? ஐம்பதடி பின்னால் நானும் போனேன். கார் மட்டுமே ஓடும் ஊரில் கர்ப்பிணிக்குப் பின்னால் வேட்டியும் மங்கி குல்லாவுமாக ஓர் ஆள். இரண்டாவது திருப்பத்தில் போலீஸ் கார் நின்றது. சுமதி ஓடி வந்து “மை அங்கிள்!” என்றாள். அதிகாரி எனக்குச் சல்யூட் அடித்தார். கையைத்தான் அசைத்தார் என்பது அவள் கட்சி.

தினமும் காலையில் நானே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். “சர்க்கரை போட்டீங்களா மாமா? இனிக்குதே” என்றாள் முதல் நாள். “ஒரு துளி இல்ல கண்ணு. தானியத்தோட இனிப்பு” என்றேன். நோட்டில் ‘கஞ்சி, சர்க்கரை இல்லை’ என்று எழுதினாள். நான் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே சர்க்கரை போடவில்லை.

ஆனால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷின் காட்டும் சர்க்கரை எண் மட்டும் இறங்கவே இல்லை. அரை மணி நடை ஒரு மணி ஆனது. மதியச் சோற்றைக் கரண்டிக் கணக்கில் குறைத்தாள். கால் வீங்கியது. ஒன்பதாம் நாள், “நான் என்ன தப்பு பண்றேன் மாமா? வியாழக்கிழமை ஊசி எழுதிருவாங்க” என்று சோபாவில் உட்கார்ந்து அழுதாள்.

மெஷின் மேல்தான் சந்தேகப்பட்டேன். புது ஊசிமுனை மாட்டி என் விரலில் குத்திப் பார்த்தேன். கஞ்சி குடித்து இரண்டு மணி நேரத்தில் 238. மெஷின் கெட்டுப்போச்சு என்றேன். மறுநாள் கஞ்சிக்குப் பதில் இரண்டு முட்டை சாப்பிட்டுக் குத்தினேன். 141. அதே மெஷின், அதே விரல். டாக்டர், காய்கறிக்கடை, மெஷின் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், என் டப்பாவை மட்டும் விட்டுவைத்திருந்தேன்.

வியாழக்கிழமை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். கிளினிக் நாலு மைல். டாக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. குடும்ப டாக்டர், சளிக்கும் பிரசவத்துக்கும் அவரே. டப்பாவை மேசையில் வைத்து, என் விரலில் வந்த இரண்டு எண்களையும் சொன்னேன்.

“ஐயா, குறை நினையாதேங்கோ. இதுக்குள்ள என்னென்ன போட்டனீங்கள்?”

தானியத்தை எல்லாம் சொன்னேன். “அப்புறம் முக்கால் கிலோ பனங்கற்கண்டு. அது சர்க்கரை இல்லீங்க, மருந்து.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “எங்கட ஊரிலயும் இருமலுக்குக் குடுக்கிறவை. ஆனா உடம்புக்கு அதுவும் சீனிதான் ஐயா. பிள்ளை உங்களை நம்பி எழுதியிருக்கிறா.”

சுமதி என்னைப் பார்த்தாள். “மாமா! நான் சோத்தைக் கொறைச்சு செத்துட்டிருந்தேன்!”

“தப்பு என்னுதுதான் கண்ணு” என்றேன். மாவட்டத்தில் யாரும் என் வாயிலிருந்து கேட்காத வார்த்தை.

கஞ்சியை நிறுத்திவிட்டு, ஊசியை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். சோற்றை மறுபடி ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்கட எண்ணும் நல்லா இல்லை. நீங்களும் நடவுங்கோ” என்றார். இந்தத் தடவை சுமதி பக்கத்திலேயே நடந்தேன். அவள் எண் இறங்கியது, ஊசி வரவே இல்லை. கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை மூன்றரை மணி நேரம் காரில் போய், பேர்லேண்ட் என்ற ஊரில் இருக்கும் அம்மன் கோயிலில் தாய்மாமன் வளையல் போட்டேன். பிரகாரத்தை அவள் நாலு சுற்றுச் சுற்றினாள். நான் பதினொன்று.

போகிறவர்களுக்கு: நல்ல ஷூ வாங்குங்கள், செருப்பு உதவாது. தனியாகப் பின்னால் நடக்காதீர்கள். மாவு கொண்டுபோனால் உள்ளே இருப்பதை எல்லாம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள், மருந்து என்று நினைப்பதையும் சேர்த்து.

கிளினிக்கிலிருந்து வந்த அன்றே சுமதி நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தாள்: ‘மாமா போட்டது’. தினமும் அதை நான் நிரப்பிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவள் கரண்டியைத் தொடுவாள். நான் ஊருக்குக் கிளம்பிய காலையில், பொரித்துக் கொடுத்த முட்டைக்கு நேராக ‘உப்பு’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, அப்புறம்தான் சாப்பிட்டாள்.