சித்தியின் கறுப்பு வெள்ளைக் கள்ளன்கள்

ஒன்பது வயதில் நான் ஒரு கள்ளனைத்தான் கல்யாணம் செய்வது என்று முடிவெடுத்திருந்தேன். சாதாரணக் கள்ளன் அல்ல. வெள்ளைக் கையுறை போட்டவன். கப்பலின் மேல்தளத்தில் நின்று தன்னை ஏதோ ஒரு தேசத்து இளவரசன் என்று சொல்பவன். ஒரு சீமாட்டியின் கையை முத்தமிட்டு அவன் நிமிரும்போது, அந்தக் கையில் இருந்த வைர வளையல் காணாமற்போயிருக்கும். இந்த முடிவுக்குச் சித்திதான் காரணம்.

சித்தி அம்மாவின் தங்கை. அகதியாகப் படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, பிறகு ஸ்பிரிங்வேல் புறநகரில் எங்களோடு வந்து சேர்ந்தவர். அவருக்கு அப்போது வேலை செய்ய அனுமதி இல்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் சித்தி மட்டும் இருப்பார். ஆங்கிலம் பழகட்டும் என்று அப்பா நூலகத்திலிருந்து படங்கள் எடுத்துவந்து கொடுத்தார். அப்பாவுக்குப் படங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது; எடுக்க ஆளில்லாமல் அடித்தட்டில் கிடந்தவற்றை அள்ளி வந்தார். அநேகமானவை ஹொலிவூட்டில் பேசும்படம் வந்த புதிதில் எடுத்தவை.

ஜன்னல் சீலையை இழுத்து மூடுவோம். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே சுவர், சோபா, சித்தியின் முகம் எல்லாம் வெள்ளி நிறமாகிவிடும். அந்த உலகத்தில் ஒருவரும் அவசரப்படுவதில்லை. பெண்களின் உடுப்புகள் தண்ணீர்போலப் படிக்கட்டில் வழிந்து இறங்கும். கள்ளன் பொய்ப் பெயரோடு ஒரு மாளிகைக்குள் நுழைவான். அவன் கள்ளன் என்று அவள் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்த பிறகு, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருவாள். பொலிஸ் எப்போதும் ஒரு நிமிடம் பிந்தியே வரும்.

"பாத்தியே குஞ்சு, என்ன வடிவாப் பொய் சொல்லுறான்!" என்பார் சித்தி, பிள்ளை பாடுவதைக் கேட்கும் தாயைப்போல.

அவர் பழகிய ஆங்கிலமும் அங்கிருந்து வந்ததுதான். மீன்கடையில் தலையைச் சற்றே சாய்த்து, "மை டியர் சேர்" என்று தொடங்குவார். வியட்நாம்காரரான கடைக்காரர் அதில் சொக்கிப்போய் நாலு இறால் கூடப் போடுவார்.

இப்படி இருக்கையில்தான் அரை மணிநேரக் கார்ப் பயணத் தூரத்தில் இருக்கும் கிரான்பர்னில் இருந்து ஒருவர் சித்தியைப் பெண் பார்க்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தன் அக்காவோடு. கார்க் கண்ணாடி மாற்றும் இடத்தில் வேலை என்றார்கள். நான் கதவிடுக்கால் பார்த்தேன். கையுறை இல்லை. தடித்த மூக்குக்கண்ணாடி. அளவில் பெரிய மண்ணிற ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் கொழுவிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மா தேநீருக்குச் சீனி எவ்வளவு என்று கேட்டார்.

"சீனி வேண்டாம் அக்கா. எனக்குச் சலரோகம் தொடங்கப்பாக்குது எண்டு டொக்டர் சொன்னவர்."

அவருடைய அக்கா மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்ததை நான் கண்டேன். எனக்கு நெஞ்சு உடைந்துபோயிற்று. பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரியாத மனிதனோடு சித்தி எப்படிக் காலம் தள்ளுவார்?

அந்த மனிதருக்கு உதவி செய்வதென்று தீர்மானித்தேன்.

சித்தியின் கையில் ஒரேயொரு பொன் காப்பு இருந்தது. கடல் தாண்டி அவரோடு வந்த ஒரே நகை. பலகாரம் சுட்ட கையைக் கழுவும்போது அதைக் கழற்றிக் குசினி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். எல்லோரும் பின்வளவில் அப்பாவின் கறிவேப்பிலை மரத்தைப் பார்க்கப் போன நேரத்தில், நான் காப்பை எடுத்து அந்த ஜாக்கெட் பைக்குள் போட்டேன். அவர் அதைக் கண்டெடுப்பார், ஒரு பக்கமாகச் சிரிப்பார், சித்தியின் முன்னால் குனிந்து போட்டுவிடுவார், வயலின்கள் ஒலிக்கும். என் கணக்கு அவ்வளவுதான்.

வயலின்கள் ஒலிக்கவில்லை. "அக்கா, என்ர காப்பு!" என்ற சித்தியின் குரல்தான் குசினியில் இருந்து வந்தது. அம்மா அலுமாரிகளைத் திறந்து மூடினார். அப்பா குப்பைவாளியைக் கிண்டினார். வந்த அக்காவின் முகம் மாறியது.

"நாங்கள் வந்த நேரம் பாத்து இப்பிடி எண்டா, எங்களையே சந்தேகப்படுறியள்?"

"ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை" என்றார் அம்மா. சித்தி சுவரில் சாய்ந்து, காப்பில்லாத மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். நான் சொல்லியிருக்க வேண்டும். ஜன்னல் சீலைக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன்.

பெண் பார்க்க வந்தவர் வியர்வை துடைக்கக் கைக்குட்டையைத் தேடி ஜாக்கெட் பைக்குள் கைவிட்டார். கையோடு காப்பு வந்தது.

காப்பைப் பார்த்தார். பிறகு நேரே என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"நான்தான் எடுத்தனான்" என்றார். "அது... அளவு பாக்க. இதே அளவில ஒரு காப்புச் செய்விப்பம் எண்டு..."

காதுகள் சிவந்து, குரல் தடுக்கியது. அத்தனை கள்ளன்களைப் பார்த்துத் தேறிய எனக்கு அது மிகக் கேவலமான பொய்யாகப் பட்டது. அந்த மனிதர் குசினிப் பக்கமே போகவில்லை. அவருடைய அக்கா வாயைத் திறக்கும் முன் சித்தி முந்திக்கொண்டார்.

"ஓம், நான்தான் கழட்டிக் குடுத்தனான். பாருங்கோவன், மறந்தே போனன்!"

தலை சற்றே சாய்ந்திருந்தது. கப்பலின் மேல்தளத்தில் நிற்பவரைப்போலச் சொன்னார். அவர் எடுத்தேன் என்கிறார், இவர் கொடுத்தேன் என்கிறார். இரண்டும் பொருந்தவே இல்லை. ஆனாலும் அப்பா பெருமூச்சு விட்டார். அம்மா சிரித்தார். வந்த அக்கா, "பாத்தியளே, தம்பி இப்பவே நகைக்கு அளவெடுக்கத் தொடங்கீட்டான்" என்று பெருமைப்பட்டார். சித்தி கையை நீட்டினார். வந்தவர் காப்பைப் போட்டுவிட முயன்றபோது அது விரல் மொளியில் இறுகி நின்றது. சித்தி வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அந்த வருடமே கல்யாணம் நடந்தது. காப்பைப் பற்றி இருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு ஒருநாள், பழைய கடிதங்களை வாசித்து வேண்டாதவற்றைக் கிழித்துவிடச் சொல்லி சித்தி ஒரு பெட்டியைத் தந்தார். அவருடைய விசா விசாரணையின் பதிவு அதற்குள் இருந்தது. எந்தக் கிழமை வெளிக்கிட்டீர்கள்? படகு என்ன நிறம்? போனமுறை நீலம் என்றீர்களே, இம்முறை ஏன் பச்சை? ஒரே கேள்விகள் பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப வந்தன. கடைசியில், அவர் சொல்வதை நம்புவதற்கில்லை என்று ஒரு வரி. மேலே இருந்த திகதி, நாங்கள் சீலையை மூடிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதத்துக்குரியது. படகில் இரண்டு நிறமும் இருந்தன; அவர் அங்கே சொன்னதெல்லாம் உண்மை.

எங்கள் வரவேற்பறையில் சொன்ன அந்த ஒரு பொய்யை, கேட்டவர்கள் அத்தனை பேரும் உடனே நம்பினார்கள். ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. அப்போது சித்தியின் முகத்தை நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம். நானோ, அகப்படாமல் தப்பிவிட்ட சந்தோஷத்தில், தட்டில் மிஞ்சியிருந்த கடைசி ரோல்ஸ் யாருக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.