கொப்பியில் காக்கா எழுதிய வரி

மூன்று வருடங்களுக்கு முன்பு, நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் தொடங்கிய கதை இது. கல்முனைக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் எங்கள் ஊர். என் மூத்த சகோதரரை எங்கள் பக்க வழக்கப்படி காக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீடுகளுக்கு வயரிங் செய்வதில் கெட்டிக்காரர். இருபத்தாறு வயதில் அவருக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. மனச்சிதைவு நோய் என்றார் வைத்தியர். வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு அவர் என்னோடும் என் கணவரோடும்தான் இருக்கிறார்.

இப்படியான நோயாளிகளுக்கும் அரசாங்கம் மாதாமாதம் தரும் மாற்றுத்திறனாளி கொடுப்பனவுப் பணம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன நாளில் சுபஹுத் தொழுகைக்கே எழும்பி, கெஞ்சிக் கூத்தாடிக் காக்காவைக் குளிக்க வைத்தேன். முகம் மழித்து, பெருநாளுக்கு எடுத்த புதுச் சேர்ட்டையும் போட்டுவிட்டேன். ஒரு அரசாங்க ஆள் முன்னால் என் காக்கா அலங்கோலமாக நிற்கக் கூடாது. என் யோசனை அவ்வளவுதான்.

“தனியாக் குளிப்பாரா?” என்று கேட்டார் உத்தியோகத்தர்.

“ஓம் சேர்.”

“ஆக்களோட கதைப்பாரா?”

“ஓம், நல்லாக் கதைப்பாரு.”

வேலிக்கு அந்தப் பக்கம் அயலவர்கள் இருவர் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். வேறென்ன சொல்வேன்? காக்காவும் அன்றைக்கென்று பெட்டிப்பாம்பாக இருந்தார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தன் வேலைகளைத் தானே செய்யக்கூடியவர் என்பதால் தகுதியில்லையாம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த கிளினிக் நாளில், ஆஸ்பத்திரி மர வாங்கில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொட்டித் தீர்த்தேன். முன்பின் தெரியாதவர். பாண்டிருப்பிலிருந்து மகளுக்கு மருந்தெடுக்க வந்திருந்தார். மகளுக்கும் இதே நோய். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தங்கச்சி, நீங்க அவர்ட நல்ல நாளக் காட்டிப்போட்டீங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டியது கெட்ட நாள்” என்றார்.

சுருக்கென்றது. நானேதான் பிழை விட்டிருக்கிறேன். அந்த அக்கா தன் பஸ்ஸை விட்டுவிட்டு எனக்காக இருந்தார். எத்தனை வருட நோய், எத்தனை தரம் வார்டில் வைத்தார்கள், தனியாக எதையெல்லாம் செய்ய முடியாது என்று வைத்தியரிடம் விவரமாக எழுதி வாங்கச் சொன்னார். மேன்முறையீடு செய்யலாம் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு மாதம் வீட்டில் நடப்பதை அப்படியே கொப்பியில் எழுதிவைக்கவும் சொன்னார்.

எழுதினேன். “குளித்து இன்றோடு ஆறு நாள்.” “யன்னல்களைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்குக் கீழே இருந்தார்.” “ஜும்ஆத் தொழுகைக்குப் போய்ப் பாதியில் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.” ஒவ்வொரு வரியும் அவரைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது. கொப்பியை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில், காக்கா அந்தக் கொப்பியோடு இருக்கிறார். என்ன சொல்லி அழப்போகிறாரோ, எதைத் தூக்கி எறியப்போகிறாரோ என்று நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பேனை இரிக்கா? நீ ஒண்ட எழுதாம விட்டுட்டாய்.”

பேனையை வாங்கி, கடைசிப் பக்கத்தில் எழுதினார்: “மாத்திரை நஞ்சு என்று குரல் சொல்லும். அந்த நாட்களில் விழுங்காமல் துப்பிவிடுவேன். தங்கச்சிக்குத் தெரியாது.”

தினமும் மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீர் குடிக்கும்வரை பக்கத்தில் நிற்பவள் நான். எனக்கே தெரியாது!

மேன்முறையீட்டுக்காகக் காக்காவையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனபோது அதே உத்தியோகத்தர்தான் இருந்தார். வைத்தியரின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, கொப்பியை ஆறுதலாகப் பக்கம் பக்கமாக வாசித்தார். “இதெல்லாம் அண்டைக்கு ஏன் சொல்லல்ல?” என்று கேட்டார். காக்காதான் மறுமொழி சொன்னார்.

“அவ என்ட மானத்தப் பாத்தா சேர். எனக்கு மானமும் இரிக்கி, நோயும் இரிக்கி. ரெண்டையும் எழுதுங்க.”

உத்தியோகத்தர் பேனையை வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்து, “முதல்ல இருங்க, நீங்களே சொல்லுங்க” என்றார். அரைமணித்தியாலம் காக்கா கதைத்தார். இடையில் இரண்டு தரம் சுவரைப் பார்த்து யாருக்கோ “சும்மா இரி” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கொடுப்பனவு கிடைத்தது. கிளினிக் போய்வரவும், ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கவும் அது உதவுகிறது. அந்தக் கடைசி வரியை வைத்தியரிடமும் காட்டினோம். மாத்திரைக்குப் பதிலாக மாதமொரு ஊசி போடத் தொடங்கினார். குரல்கள் முழுதாகப் போகவில்லை, ஆனால் தணிந்திருக்கின்றன. போன மாதம் எங்கள் வீட்டு மின்விசிறியைக் கழற்றித் திருத்தி மாட்டினார். அயலில் ஒருவர் தன் வீட்டில் பழுதான சுவிட்சையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பாண்டிருப்பு அக்காவைப் பிறகு நான் காணவில்லை, அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுக்கட்டும். நோய் வந்த பதினொரு வருடமாகக் காக்காவைப் பற்றி வைத்தியர்களோடும் மற்றவர்களோடும் கதைத்த நான், உங்களுக்கு என்ன செய்கிறது என்று அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது தினமும் கேட்கிறேன், அவரும் சொல்கிறார்.