ஒன்பதாம் பக்கம்

ஐந்தாம் வகுப்பில் நான்தான் லீடர். நோட்டுகளை வாங்கி அடுக்குவது, யார் பக்கம் கிழித்தாலும் டீச்சரிடம் போட்டுக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. சரியான முந்திரிக்கொட்டை என்று அம்மா திட்டுவாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது நைனாவின் தங்கை, என் அத்தை, செஞ்சியில் எங்களோடு இருந்தாள். வந்தவாசியில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவள், இரண்டு வருடமாகியும் திரும்பிப் போகவில்லை. மாமா குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். அதனால் அவள் வந்ததற்கான காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. அத்தை கதை எழுதுவாள். அந்த வீட்டில் அது ஆகாது. ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்ததை வெந்நீர் அடுப்பில் செருகிவிட்டார்களாம். "ஒரு நோட்டுக்காகவா ஒருத்தி வாழாம வருவா?" என்று அம்மாவே கேட்பாள்.

நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். மற்ற வீடுகளில் உலை வைக்கிற நேரத்தில் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். அந்த நேரம் அத்தையுடையது. ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்வரை எழுதுவாள். பத்திரிகைக்கு அனுப்புகிற தாளில் ஒரு பக்கம்தான் எழுத வேண்டுமாம். வேண்டாத தாள்களை என்னிடம் கொடுத்துவிடுவாள். அவற்றின் பின்பக்கத்தில் நான் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். முன்பக்கத்தை ஒருநாளும் படித்ததில்லை. படமே இல்லாத கதையை யார் படிப்பார்கள்?

நைனா படிப்பார், பத்திரிகையில் அச்சாகி வந்த பிறகு. நெல் மண்டியிலிருந்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிரத்தையாகப் படிப்பார். முடித்ததும் தாளைப் புரட்டிப் புரட்டித் தேடுவார்.

"இன்னாமா, பாதியில வுட்டுட்ட? அப்புறம் அவ இன்னா ஆனா?"

"எனக்கு மட்டும் இன்னாண்ணா தெரியும்?" என்று அத்தை சிரிப்பாள்.

அந்த வருடம் மாமா வீட்டிலிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. தை பிறப்பதற்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். நைனாவுக்கும் அவளை அனுப்பிவிடத்தான் ஆசை. ஆனால் தங்கையைப் பிடித்துத் தள்ளுகிற மனிதர் இல்லை அவர். "உன் வாயால ஒரு வார்த்த சொல்லுமா. நானே கொண்டுபோயி வுடறேன்" என்பார். அந்த ஒரு வார்த்தையைத்தான் அத்தை சொல்லவே இல்லை. போகிறேன் என்றும் இல்லை, போகமாட்டேன் என்றும் இல்லை. சொல்லாத வரைக்கும் அவளுக்கு ஸ்டூலும் ஜன்னலும் இருந்தன.

ஐப்பசியில் ஒரு காலை, கதை வைத்த கவரை என் கையில் கொடுத்து, பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாலில் சேர்க்கச் சொன்னாள். எடை போட்டு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், பசையும் அங்கேதான் இருக்கும் என்பதால் வாய் ஒட்டாத கவர். தபாலாபீஸில் வரிசை நீளம். என் கை சும்மா இருக்குமா? தாள்களை உருவி, பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்று முதல் எட்டு வரை இருந்தது. எட்டின் கடைசி வரியில் ஒரு கண்டக்டர், "வரியா, இல்லியாமா?" என்று கேட்கிறார். பதிலைக் காணோம்.

முந்தின நாள் அத்தை கணக்குப் போடக் கொடுத்த தாள் என் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மேல் மூலையில் ஒன்பது என்று போட்டிருந்தது. அதே மை, ஓர் அடித்தல் இல்லை. "ஏறினாள்" என்று தொடங்கியது. ஐயோ பாவம், அத்தை மறதியில் கொடுத்துவிட்டாள்! நல்லவேளையாக நான் அதில் இன்னும் பென்சில் வைக்கவில்லை. எட்டுக்குப் பின்னால் ஒன்பதைச் செருகி, பசையைத் தாராளமாகத் தடவி, அனுப்பிவிட்டேன். அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. புத்தகம் வரும்போது சொல்லி அசத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் புத்தகம் வந்தது. நைனாதான் முதலில் பிரித்தார். கதையில் மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஸ்பெஷல் பஸ்கள். நடுநடுவே புருஷன் ஊருக்குப் போகிற பஸ்ஸும் வந்து போகிறது. ஒருத்தி பையோடு ஏறாமல் நின்றுகொண்டே இருக்கிறாள். அதுதான் கதை. இந்த முறை நைனா தாளைப் புரட்டித் தேடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"இப்பத்தாம்மா கதை கதையா இருக்குது. ஏறிட்டா பாரு! வாயால சொல்ல வெக்கப்பட்டுகினு எழுத்துல சொல்லிட்டியே."

அத்தை புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். அங்கே அந்தப் பெண் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊர் வந்ததும் இறங்குகிறாள். தூறலில் புருஷன் குடையோடு நிற்கிறான்.

"இத வேணான்னு எடுத்துட்டேண்ணா" என்றாள்.

"எடுத்தது எப்பிடிமா புக்குல வரும்? எழுதனது நீதான?"

அவள்தான். நைனா செருப்பை மாட்டிக்கொண்டு, மாமாவுக்குப் போன் போட பூத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அடுப்படியில் அத்தை என்னைக் கேட்டாள். "தபால்ல போடறப்ப உள்ள எதனா வெச்சியா?"

"ஆமா அத்த! ஒம்போதாம் பக்கத்த நீ மறந்துட்ட. நான்தான் வெச்சேன்!"

பாராட்டுக்காக நின்றேன். அவளோ, "நைனாகிட்ட சொல்லாத. உன்ன அடிச்சிடப் போறாரு" என்றாள். எதற்கு அடிப்பார், நல்லதுதானே செய்தேன் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனாலும் சொல்லவில்லை. ஊரில் உள்ளவர்களை எல்லாம் போட்டுக் கொடுத்தவள், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு பிடி கிடைத்திருக்குமே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

தை மாதம் நைனா அவளைக் கொண்டுபோய் விட்டார். வந்தவாசியில் குடையோடு யாரும் நிற்கவில்லையாம். ஆட்டோ பிடித்துப் போனார்களாம். அதன் பிறகு அத்தை ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போதும் நான் போனால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட வைத்துத்தான் அனுப்புகிறாள். எழுத்தைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, என் பழைய கணக்குத் தாள்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. அம்மா எதையும் தூக்கிப்போடுகிறவள் இல்லை. முதல் முறையாக முன்பக்கத்தைத் திருப்பினேன். மூலையில் ஏழு, பதினொன்று, எட்டு என்று எண்கள். ஒன்றில்கூட அடித்தல் இல்லை. ஒருத்தி மாமியாரோடு ராசியாகிறாள். ஒருத்தி பேனாவை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். ஒருத்தி பிறந்த வீட்டிலிருந்து கிளம்புகிறாள். எல்லாமே கடைசிப் பக்கங்கள். எல்லாப் பெண்களும் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள். ஒவ்வொரு முறையும் அதுவரை எழுதிப் பார்த்து, வேண்டாம் என்று அந்தத் தாளை எடுத்திருக்கிறாள்.

நைனா இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பதிலை, அத்தை தாள் தாளாக என் கையில்தான் கொடுத்திருக்கிறாள். நான் பின்பக்கத்தில் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.