சோத்தாங்கை, பீச்சாங்கை

பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிற நாளில் வாத்தியார்கள் செய்கிற ஒரு தில்லுமுல்லு உண்டு. கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் சோத்தாங்கை, தெரியாதவர்கள் பீச்சாங்கை. அதிகாரிக்கு எல்லாம் வெறும் கைகள். யாரை எழுப்பினால் மானம் தப்பும் என்பது வாத்தியாருக்கு மட்டும் தெரியும். கடத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டாம் வகுப்பு எடுத்தபோது நானும் இதைச் செய்தேன். பெருமையாகவே செய்தேன்.

அந்த வருஷம் அதிகாரிக்குக் காட்ட வேண்டிய பாடம் வடிவங்கள். வட்டம், சதுரம், செவ்வகம், முக்கோணம். நான்கையும் சார்ட்டில் கலர் கலராக ஒட்டி, குச்சியால் தட்டித் தட்டி ஒரு வாரம் கத்தினேன். பிள்ளைகளும் திருப்பிக் கத்தினார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அம்மா கூலி வேலைக்குப் போகிறவள். செவ்வகம் என்ற சொல் அந்தப் பிள்ளையின் வாயில் நுழையவே இல்லை. எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். தருமபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற கடுப்பையெல்லாம் அவள் தலையில்தான் இறக்கினேன்.

ஒத்திகையின்போது அவள் ஆசையாகச் சோத்தாங்கையைத் தூக்கினாள். எழுப்பினேன். வட்டத்தைச் சதுரம் என்றாள். உனக்கு எதற்கு இந்தக் கை என்று கேட்டு, பீச்சாங்கையைத் தூக்கியபடி சாப்பாட்டு மணி வரை நிற்க வைத்தேன். அன்றிலிருந்து பிள்ளைகள் அவளைப் பீச்சாங்கை என்றே கூப்பிட்டார்கள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு ஈரக்கையோடு என் மேசை அருகே வந்து நின்றாள்.

"டீச்சர், எனக்கு ஒண்ணு தெரியுங்க. நாளைக்கு நான் சொல்றனுங்க."

எது என்றுகூட நான் கேட்கவில்லை. நாளைக்கு வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று விரட்டினேன்.

மறுநாள் வட்டமும் சதுரமும் கனகச்சிதமாகப் போயின. தலைமையாசிரியை வாசலில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக அதிகாரி முக்கோண அட்டையை எடுத்தார். எடுத்தவர் சும்மா இல்லாமல், முனை கீழே வருகிற மாதிரி தலைகீழாகப் பிடித்தார். என் சார்ட்டில் முக்கோணம் எப்போதும் உட்கார்ந்துதான் இருக்கும். கவிழ்த்துக் காட்ட எனக்குத் தோன்றியதே இல்லை. என் கெட்டிக்காரப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் பீச்சாங்கையைத் தூக்கினார்கள்.

ஒரே ஒரு சோத்தாங்கை எழுந்தது. அவளுடையது. காதை ஒட்டி, விறைப்பாக.

மானத்தை வாங்கப் போகிறாள் என்று முறைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். கையை மெல்ல இறக்கிவிட்டு மற்றதைத் தூக்கினாள்.

வேறு வழியில்லாமல் முன்வரிசைப் பிள்ளை ஒன்றை எழுப்பினேன். "அது கீழ விழுந்துடுச்சு சார்," என்றது அந்தப் பிள்ளை. அதிகாரி சிரித்தார். அட்டையைக் கொஞ்சம் திருப்பித் திருப்பியும் காட்டுங்கள் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார். தலைமையாசிரியை சிரிக்கவில்லை.

ஜீப் கிளம்பியதும் அட்டையை அவள் முகத்துக்கு நேராகத் தலைகீழாய் நீட்டி, இது என்னடி என்றேன்.

"முக்கோணங்க டீச்சர்."

சந்தை நாளில் அம்மா சமோசா வாங்கி வருவாளாம். எந்த முனையை முதலில் கடிக்கலாம் என்று இவள் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளாம். எப்படிப் பிடித்தாலும் மூன்று முனைதானாம்.

அப்போதாவது நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று ஸ்கேலை எடுத்தேன். எந்தக் கையை நீட்டுவது என்று ஒரு நிமிஷம் தடுமாறி, பீச்சாங்கையை நீட்டினாள். அடித்தேன். அழவில்லை.

"நீங்கதான மொறச்சீங்க டீச்சர்," என்றாள்.

மறுநாள் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டேன். இனி தெரிந்தவர்கள் எந்தக் கையை வேண்டுமானாலும் தூக்கலாம் என்றேன். முக்கோண அட்டையை அவளுக்காகவே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கெஞ்சாத குறையாக அவளைப் பார்த்தேன். வகுப்பில் எல்லாக் கைகளும் எழுந்தன. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம் முடிகிறவரை அப்படித்தான் உட்கார்ந்தாள்.