கழுத்தைத் தொட்டுப் பார்த்த டாக்டர்

பிள்ளைகளே, அம்பத்தூர் நர்சிங் ஹோமில் அப்போது எனக்கு கேஸ் சிலிண்டர் பார்க்கும் வேலை. அன்று ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தது உங்கள் அத்தை. வயிற்றில் சிறு துளை போட்டு, கேஸ் நிரப்பி, பித்தப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மயக்க மருந்து டாக்டர் ஒல்லியானவர். நாடியைக் காட்ட மெஷின் இருந்தாலும் நோயாளியின் கழுத்தை அடிக்கடி தொட்டுப் பார்ப்பார்.

"கழுத்துல இன்னா சார் தேடுறீங்க, செயினா?" என்று நர்ஸம்மா சிரித்தார்.

திடீரென்று டாக்டரின் விரல் நின்றது. வயிற்றில் நிரப்பிய கேஸ் தோலுக்கடியில் கழுத்துவரை ஏறி, தொட்டால் நறநறத்தது.

"கேஸை மூடுப்பா!"

மூடினேன்.

"ரெண்டு நிமிஷம் சார், முடிச்சிடறேன்," என்றார் சர்ஜன்.

"அதுவரைக்கும் மூச்சு தாங்காது. வயித்துல இருக்கிறதை வெளிய விடுங்க."

மயக்க டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்து மார்பின் இரு பக்கமும் கேட்டார். மூச்சுப் பையை வேகமாக அமுக்கினார். மூச்சு சீரான பிறகே மிச்ச வேலையைச் செய்ய விட்டார். அத்தை கண் விழித்தாள்.

பிறகு அந்த டாக்டர் வாசலில் என்னைக் கூப்பிட்டு, "ஸ்கூட்டரை உதைச்சுக் குடுப்பா, எனக்குக் கால் நடுங்குது," என்றார்.

உள்ளே அவர் விரல் நடுங்கி நான் பார்க்கவே இல்லை.