டைரக்ட் ஷுகோர்

மலேசியாவின் தைப்பிங்கில் கார் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகியும் பொமன் என்று ஊர் அழைக்கும் மெக்கானிக் ஷுகோர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை: டைரக்ட். சூடாகிறது என்று எந்தக் கார் வந்தாலும் சென்சார், ரிலே, ஃபியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கி எறிவான். சாவி ஒயரிலிருந்து விசிறிக்கு நேராக ஒரு மெல்லிய ஒயரை இழுத்துவிடுவான். சாவியைப் போட்டால் சுற்றும், எடுத்தால் நிற்கும். அவ்வளவுதான் வைத்தியம்!

பக்கத்துக் கடை ஒயரிங்காரி மெய் ஃபோங் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள்.

"ஃபியூஸ் இல்லாம இழுக்காதீங்க அபாங், ஒயர் உருகிடும்."

"டெஸ்ட் லைட்டை வெச்சு ஒயர்கிட்ட குறி கேக்கறவளே, போய் வேலையப் பாரு!"

அவன் மனைவி ரொக்கியாவுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். எதிர்த்துப் பேசி என்ன பயன்? செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மகள் ஐனியின் நிக்காஹ் அன்று காலை பத்து மணிக்குப் பள்ளிவாசலில். பெண்ணை அத்தை வீட்டார் முன்னதாகவே அழைத்துப் போய்விட்டார்கள். நிக்காஹில் பெண்ணைக் கொடுக்கும் உரிமையுள்ள 'வலி', அதாவது தகப்பன், ரொக்கியாவுடன் சொந்தக் காரில் ஜம்மென்று கிளம்பினான். சந்தை முனை நெரிசலில் ஊர்ந்தபோது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி. விசிறி ஆடவில்லை, அசையவில்லை. அவன் இழுத்த டைரக்ட் ஒயர் பாதியில் உருகித் தொங்கியது.

"காஜிக்குப் பதினோரு மணிக்கு வேற நிக்காஹ் இருக்கு அபாங்! நம்ம பொண்ணு அங்க காத்துக்கிட்டு உக்காந்திருக்கா!" என்று கத்தினாள் ரொக்கியா. "பழைய ரிலே எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"மூளையையும் சேர்த்துத்தானே போட்டீங்க?"

மெய் ஃபோங்கை அழைத்தவள் ரொக்கியாதான். வந்தவள் டெஸ்ட் லைட்டை வைத்தாள், எரியவில்லை; ஒயரில் உயிரில்லை. பேட்டரியை நேராகக் கொடுத்துப் பார்த்தாள், விசிறி சுற்றியது. மோட்டாரில் குறையில்லை. தடித்த ஒயர், ரிலே, ஃபியூஸ் போட்டு முடிக்க இருபது நிமிடம். எஞ்சின் ஆறியதும் தண்ணீரும் ஊற்றினாள். உருகிய ஒயரைச் சுருட்டி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதுதான் ஷுகோருக்கு அதிகம் சுட்டது.

வியர்வை வழிய அவன் பள்ளிவாசலில் நுழைந்தபோது பத்தே முக்கால். ஐனியின் கண்கள் சிவந்திருந்தன. காஜி அவசரமாகக் கேட்டார்: "பொண்ணை நீங்களே கொடுக்கறீங்களா, இல்ல எனக்கு அந்த உரிமையக் கொடுக்கறீங்களா?"

பதறிப்போன ஷுகோர் வாயைத் திறந்தான்.

"டைரக்ட்!"

பள்ளிவாசலே சிரித்தது. அழுதுகொண்டிருந்த ஐனியும் சிரித்துவிட்டாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல உருப்படியான டைரக்ட் இது ஒண்ணுதான்" என்றாள் ரொக்கியா.