அலுமாரியில் வைத்த கைப்பட்டி

கை நோவென்று வருபவர்களுக்குக் குளிசையும் தராமல் ஊசியும் போடாமல் புத்தி மட்டும் சொல்லி அனுப்புகிற தொழில் என்னுடையது; தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர். போத்தல் மூடியோடு மல்லுக்கட்டித் தோற்றவரா நீங்கள்? அப்படியென்றால் நம்மவர்தான், பக்கத்தில் வந்து இருங்கோ. வெளிநாட்டில் இதைப் படித்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பியபோது, சனம் எனக்காகக் காத்திருக்கும் என்று நினைத்தேன். காத்திருந்தார்கள்தான், பக்கத்து அறை டொக்டருக்காக.

அரைமணி நேர விளக்கம்

உருத்திரபுரத்துப் பரமேஸ்வரி அக்கா சந்திக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவா. வீடு ஓடுவதே அதில்தான். பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்து, இடியப்ப உரலைப் பிடித்துப் பிழிய ஏலாமல் வந்தா. பிழியாவிட்டால் கடைக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார். தேய்ந்த மூட்டு திரும்பி வளராது, ஆனால் வேலை செய்கிற விதத்தை மாற்றலாம் என்று அரைமணி நேரம் செய்து காட்டி விளக்கினேன். அக்கா பொறுமையாகத் தலையாட்டிவிட்டுக் கேட்டா:

"எல்லாம் சரி மிஸ், குளிசை எப்ப தருவியள்?"

பூச்சி உருண்டை வாசம்

பெருவிரலைத் தாங்கிப் பிடிக்க, அவவின் கைக்கு அளவெடுத்து ஒரு பட்டி செய்து கொடுத்தேன். பிழியும்போது கட்டாயம் போடச் சொன்னேன். அடுத்த முறை அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தா. மாவின் தடமே இல்லை; பூச்சி உருண்டை வாசம் மட்டும் மூக்கில் அடித்தது. விசாரித்தேன்.

"மாப் பட்டு ஊத்தையாப் போயிடுமெல்லோ மிஸ், கூறைச் சீலையோட அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன். கிளினிக்குக்கும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் மட்டுந்தான் போடுறனான்."

உழவு மெசின் பிடிக்கிற கை

அப்படியென்றால் பிழிகிற வேலையையாவது வீட்டில் வேறு யாரும் செய்யட்டும் என்றேன். அந்த 'வேறு யாரும்' வெளியே நோயாளர் இருக்கிற வாங்கில் இருந்து சுகமாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்: கணவர் செல்வராசா அண்ணை. உள்ளே கூப்பிட்டு விசயத்தைச் சொன்னதும் சிரித்தார். இடியப்பம் பிழிவதும் ஒரு வேலையா, இவ சும்மா பெரிசாகக் கதைக்கிறா என்றார். அவ்வளவு லேசான வேலையென்றால் ஒரு கிழமை பிழிந்து காட்டுங்கோவன் என்றேன். அண்ணை சேட்டுக் கையை மடித்துவிட்டார்.

"ஒரு கிழமை என்ன மிஸ், வருசம் முழுக்கப் பிழிவன்! உழவு மெசினையே அடக்கிற கை இது."

புது நோயாளி

அடுத்த கிளினிக்குக்கு இருவரும் வந்தார்கள். அக்காவின் பட்டி அண்ணையின் கையில் பாதி ஏறி இறுகிக்கொண்டு நின்றது. நான் எத்தனையோ நாள் காண ஆசைப்பட்ட மாப்பிசுக்கு அதில் அப்பியிருந்தது. "மனுசர் செய்யிற வேலையே மிஸ் இது?" என்று முனகியபடி கதிரையில் சாய்ந்தார். அக்காவின் மூட்டு நோவு குறைந்திருந்தது. கடைகளுக்கு ஒரு நாளும் இடியப்பம் நிற்கவில்லை. இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று அக்காவைக் கேட்டேன்.

"தான்தான் பிழியிறதெண்டு சந்தி முழுக்கச் சொல்லிப்போட்டார் மிஸ், இனி விடேலாது. அவருக்கும் அளவா ஒரு பட்டி செய்து குடுங்கோ, என்ரையக் கழுவித் திரும்ப அலுமாரிக்குள்ள வைக்கவேணும்."

மனைவியின் கையில் இருந்தவரை வெறும் கதையாக இருந்த நோவு, கணவனின் கைக்கு மாறிய கிழமையே கிளினிக்குக்கு வரவேண்டிய வருத்தமாகிவிடும் என்பதை, நான் படித்த இரண்டு மொழியிலும் ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.